பி. ரம்லி: டிவி வந்ததால் வேலை இழந்து, டிவியாலேயே சாகாவரம் பெற்ற பினாங்குக் கலைஞனின் கதை

மலேசியாவில் ஏதாவது ஒரு பெருநாள் விடுமுறை. வீட்டில் யாரோ டிவியைப் போடுகிறார்கள். கருப்பு-வெள்ளைப் படம் ஒன்று ஓடுகிறது. மெல்லிய மீசை, குறும்பான கண்கள், ஒல்லியான ஒரு ஆள் பாடிக்கொண்டே நடக்கிறார். பாட்டிக்கு அவரைத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், உங்கள் மலாய் நண்பர்களுக்கும் தெரியும். நீங்கள் மட்டும் போனை நோண்டிக்கொண்டே யார் இவர் என்று யோசித்திருப்பீர்கள்.

அவர்தான் பி. ரம்லி. நடிகர், இயக்குநர், பாடகர், இசையமைப்பாளர். அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் மலாய் சினிமா என்றதும் முதலில் வருகிற பெயர் அவருடையதுதான்.

அது மட்டும் இல்லீங்க. அவரைக் கண்டுபிடித்ததும், முதல் வாய்ப்பு கொடுத்ததும், கதாநாயகனாக்கியதும் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள். அவரது வாழ்வை முதலில் உடைத்து, பிறகு காப்பாற்றியதில் டிவிக்குப் பங்கு உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ரம்லி யார் என்பது புரியும்.

பினாங்கில் ஒரு மரவீடு

1929-ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று, ஜோர்ஜ் டவுனில் கவுண்டர் ஹால் சாலையை ஒட்டிய ஒரு மரவீட்டில் ரம்லி பிறந்தார். இயற்பெயர் தெங்கு சக்காரியா. அப்பா தெங்கு ஞாக் பூத்தே, சுமத்ரா தீவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்தவர். அம்மா சே மா உசேன், எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் பக்கத்துக்காரர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'பி' என்ன இனிஷியல் என்று கேட்கிறீர்களா? நம்ம ஊர் வழக்கம் மாதிரியேதான். அப்பா பெயரில் உள்ள 'பூத்தே' என்பதன் முதல் எழுத்து அது.

மலாய்ப் பள்ளி, பிறகு ஆங்கிலப் பள்ளி, அதன் பிறகு பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்று படிப்பு போனது. இடையில் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் பினாங்கைப் பிடித்தபோது ரம்லிக்கு 12 வயது. ஜப்பானியக் கடற்படை நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஜப்பானியப் பாட்டுகளும் கற்றுக்கொண்டார். போர் முடிந்த பிறகு பினாங்கின் இசைக் குழுக்களில் வயலினும் கிதாரும் வாசித்துப் பழகினார்.

1947-ல் மலாயா வானொலியின் பாட்டுப் போட்டியில் வென்றார். அடுத்த ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில் பாடினார். பி.எஸ். ராஜ்ஹான்ஸ் அந்தக் குரலைக் கேட்டார். மலாய் சினிமாவின் தொடக்க காலத்தை உருவாக்கிய இந்திய இயக்குநர் அவர். சிங்கப்பூருக்கு வரச் சொன்னார். 1948 ஆகஸ்டில், 19 வயதில், ரம்லி தெற்கே கிளம்பினார்.

ஜாலான் அம்பாஸ்: மலாய்ப் பேச்சு, இந்திய இயக்கம், சீன முதலாளி

அவர் போய்ச் சேர்ந்த இடம் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ். ஷா சகோதரர்களின் 'மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ்' ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. முதலாளிகள் சீனர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். இயக்குநர் நாற்காலியில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர், பி.என். ராவ், பணி மஜும்தார் என்று ஒரு பெரிய வரிசையே இருக்கிறது.

பழைய மலாய்ப் படம் பார்க்கும்போது நம்ம பழைய தமிழ்ப் படம் மாதிரியே இருக்கே என்று தோன்றினால் அது பிரமை இல்லை. அழுகை, சிரிப்பு, சண்டை, நடுவே ஆறேழு பாட்டு என்ற அமைப்பு இவர்களோடு கப்பலேறி வந்தது.

ரம்லியின் முதல் படம் 1948-ல் வந்த 'சிந்தா'. அதில் அவர் வில்லன்! கதாநாயகனுக்குப் பின்னணிக் குரல் கொடுத்ததும் அவரே. கதாநாயகனாக மாறியது 1950-ல், 'பக்தி' படத்தில். அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன். மெட்ராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். அழகான முகம்தான் கதாநாயகன் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், முகத்தில் பருத்தழும்பு உள்ள ஒல்லிப் பையனை நடுவில் நிறுத்தி, அவனையே பாடவும் வைத்தவர் அவர். தலைப்பைக் கவனிச்சீங்களா? நம்ம 'பக்தி'யும் மலாய் 'பக்தி'யும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். மலாயில் அதற்கு அர்ப்பணிப்பு, சேவை என்று பொருள்.

ரிக்‌ஷாக்காரன் முதல் பிரம்மச்சாரிகள் வரை

1955-ல் ரம்லி முதன்முதலாக இயக்கிய படம் 'பெனாரிக் பெச்சா'. தலைப்புக்கு ரிக்‌ஷாக்காரன் என்று அர்த்தம். ஏழை ரிக்‌ஷாக்காரன் ஒருவனுக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் இடையிலான காதல் கதை. இயக்கம் எல்லாம் வெளியூர்க்காரர்கள் வேலை என்றிருந்த ஸ்டூடியோவில், உள்ளூர் மலாய்க் கலைஞர் ஒருவராலும் முடியும் என்று இந்தப் படம் காட்டியது. இந்திய இயக்குநர்களிடம் கற்றுக்கொண்ட மாணவன், அவர்களது நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1956-ல் பணி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' வண்ணப்படம். ரம்லி நடித்த மற்ற படங்கள் ஏறக்குறைய எல்லாமே கருப்பு-வெள்ளை. அதே இயக்குநரின் 'அனாக்கு சசாலி' படத்தில் அப்பா, மகன் என இரட்டை வேடம். அதற்காக 1957-ல் டோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

அதே 1957-ல் 'பூஜாங் லாப்போக்' வந்தது. வயது ஏறியும் கல்யாணம் ஆகாத மூன்று நண்பர்களின் கூத்து. ரம்லியோடு அஸீஸ் சத்தார், எஸ். சம்சுடின் இருவரும் நடித்தார்கள். படம் ஹிட். தொடர்ந்து மூன்று படங்கள் அதே கூட்டணியில் வந்தன. 1961-ல் வந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்' அவற்றில் தனி ரகம். மூன்று பேரும் நடிகர் வேலை தேடி ஒரு சினிமா ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். அதாவது தான் சம்பளம் வாங்கும் ஸ்டூடியோவையே ரம்லி கிண்டலடித்தார்.

1964-ல் வந்த இன்னொரு நகைச்சுவைப் படத்தின் பெயர் 'மாடு தீகா'. மூன்று மாடு என்று நினைச்சிடாதீங்க! மலாயில் 'மாடு' என்றால் தேன். சக்களத்தி என்றும் பொருள் உண்டு. ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று பேரைக் கட்டிக்கொண்டு ஒருவன் படும் பாடுதான் கதை.

பினாங்குக்குத் திரும்பி வரும் ஒரு படம்

ரம்லியின் படங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், 1962-ல் வந்த 'இபு மெர்துவாக்கு' பாருங்கள். என் மாமியார் என்பது தலைப்பின் பொருள்.

காசிம் செலாமாட் ஒரு சாக்ஸஃபோன் கலைஞன். பணக்காரப் பெண் ஒருத்தி அவனைக் காதலிக்கிறாள். அவள் அம்மாவுக்கோ இசைக் கலைஞன் என்றாலே இளக்காரம். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு பினாங்குக்கு வருகிறார்கள். கையில் இருந்த காசு கரைகிறது. சாக்ஸஃபோன் வாசித்த கை கூலி வேலை செய்கிறது. அதற்குப் பிறகு மாமியார் சொல்லும் ஒரு பொய், காசிமின் கண்பார்வையையே பறிக்கிறது. கிளைமாக்ஸை இங்கே சொல்லப் போவதில்லை. மலாய் சினிமாவில் அதை மறந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

கலைஞனின் திறமையைக் கைதட்டி ரசிக்கும் சமூகம், அவன் அடுப்பு எரிகிறதா என்று பார்க்காது. படம் கேட்கும் கேள்வி இதுதான். அடுத்த பத்து ஆண்டுகளில் அந்தக் கேள்வி ரம்லியின் வீட்டுக் கதவையே தட்டியது.

சரி, டிவி எங்கே வருது?

கொஞ்சம் பின்னால் போவோம். உலகின் தொடக்க கால டிவி சேவைகளில் ஒன்றான பிபிசியின் ஒளிபரப்பு, 1936 நவம்பர் 2 அன்று லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து தொடங்கியது. அப்போது ஒரு நாள் நிகழ்ச்சி என்றால் பிற்பகலில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். 1939-ல் போர் வந்ததும் நிறுத்தினார்கள். 1946-ல் மறுபடியும் தொடங்கினார்கள்.

1950-களில் ஒரு சாதாரண பிரிட்டிஷ் நாளைக் கற்பனை செய்து பாருங்கள். பகலில் பெரும்பாலும் கோடுகளும் வட்டங்களும் உள்ள ஒரு சோதனைப் படம்தான் திரையில் நிற்கும். பிற்பகலில் குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம். மாலை ஆறிலிருந்து ஏழு மணி வரை திரை காலி! பிள்ளைகளைத் தூங்க வைக்க வசதியாக இருக்கட்டும் என்று அந்த ஒரு மணி நேரம் ஒளிபரப்பே கிடையாது. 1957-ல்தான் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். பிறகு செய்தி, நாடகம், இசை. இரவில் தேசிய கீதத்தோடு கடை மூடிவிடும். 24 மணி நேரமும் ஸ்க்ரோல் செய்யும் நமக்கு இது வேற்றுக்கிரகம் மாதிரி இருக்கும்.

இந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1963 பிப்ரவரியில் டிவி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று கோலாலம்பூரில் மலேசியத் தொலைக்காட்சி பிறந்தது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளும் ஒரே அலைவரிசையில் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. இரண்டாவது அலைவரிசை 1969 நவம்பரில்தான் வந்தது. எல்லாம் கருப்பு-வெள்ளை. எல்லோரிடமும் டிவி பெட்டி இருக்காது. பக்கத்து வீட்டு ஜன்னலிலோ காப்பிக்கடையிலோ கூட்டமாக நின்று பார்த்த தலைமுறை அது. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

ஒரே நேரத்தில் எல்லாம் சரிந்தது

வீட்டுக்குள்ளேயே படம் வந்துவிட்டால், டிக்கெட் வாங்கி தியேட்டருக்கு எதற்குப் போக வேண்டும்? மலாய் சினிமாவுக்கு விழுந்த அடி இது ஒன்று மட்டும் இல்லை. இன்னும் சில காரணங்களும் உண்டு.

ஒன்று, 1957-ல் ஜாலான் அம்பாஸ் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்திலிருந்தே முதலாளிகளுக்கும் கலைஞர்களுக்கும் நடுவே விரிசல் இருந்தது. இரண்டு, 1963-ல் இந்தோனேசியாவுடன் தொடங்கிய மோதலால் அந்தப் பெரிய சந்தை கைவிட்டுப் போனது. மூன்று, 1965-ல் சிங்கப்பூர் தனி நாடானது. நான்கு, ஹாங்காங், இந்திய, ஹாலிவுட் வண்ணப்படங்கள் தியேட்டர்களை நிரப்பின. 1967-ல் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவே மூடப்பட்டது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1964-ல், ரம்லி மனைவி சலோமாவுடன் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்திருந்தார். சலோமா அந்தக் காலத்தின் முன்னணிப் பாடகி. இருவரும் 1961-ல் திருமணம் செய்துகொண்டவர்கள். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் ரம்லி வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் ஜாலான் அம்பாஸில் இருந்த கருவிகளும் கைதேர்ந்த ஆட்களும் இங்கே இல்லை. குறைந்த செலவு, குறைந்த நாட்கள். படங்கள் வந்தன, பழைய மெருகு வரவில்லை.

இசையிலும் காலம் மாறியது. பீட்டில்ஸ் அலையில் மின்கிதார் குழுக்கள் கிளம்பின. இளைஞர்களுக்கு ரம்லியின் மெட்டு பழசாகப் பட்டது. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்த அதே ரசிகர்கள் விலகிப் போனார்கள். 1971-ல் கோலாலம்பூரில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில், மலாய் இசையைக் காப்பாற்றுவது எப்படி என்று அவர் கட்டுரை வாசித்தார். 1972-ல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவரது கடைசிப் படம். கடற்படைத் தலைவனைக் குறிக்கும் 'லக்சமானா' என்ற மலாய்ச் சொல் நம்ம லட்சுமணன் பெயரிலிருந்து வந்தது.

1973 மே 29 அன்று மாரடைப்பால் ரம்லி இறந்தார். வயது 44. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் முஸ்லிம் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், முப்பதுக்கும் மேற்பட்டவற்றை இயக்கியவர், நூற்றுக்கணக்கான பாடல்கள் தந்தவர், பணக்கஷ்டத்தோடுதான் போய்ச் சேர்ந்தார். அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன சிங்கப்பூர்ப் படங்கள் ஷா நிறுவனத்தின் சொத்து. அவை எத்தனை முறை ஓடினாலும் அவை அவருடையவை இல்லை.

பிறகு எப்படி இவ்வளவு புகழ்?

இங்கேதான் கதை திரும்புகிறது. தியேட்டரைக் காலி செய்த அதே டிவிக்கு நாள்தோறும் நேரத்தை நிரப்ப ஏதாவது தேவைப்பட்டது. மலாய் மொழியில் தயாராக இருந்த பெரிய புதையல் ஜாலான் அம்பாஸ் படங்கள்தான். ரம்லி படங்களை டிவியில் மறுபடியும் மறுபடியும் போட்டார்கள். அவரை நேரில் பார்த்திராத பிள்ளைகள் அவரது வசனங்களை மனப்பாடம் செய்தார்கள். மலேசிய டிவி வண்ணத்துக்கு மாறியது 1978 டிசம்பரில், அதாவது ரம்லி இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. வண்ணம் வந்த பிறகும் மக்கள் அந்தக் கருப்பு-வெள்ளையை விடவில்லை.

ஒரு சின்ன தொழில்நுட்ப ரகசியம் சொல்லட்டுமா? சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். பிரிட்டனிலும் மலேசியாவிலும் டிவிக்கு நொடிக்கு 25. ஃபிலிமை டிவியில் காட்டும்போது அதையும் 25 வேகத்தில் ஓட்டிவிடுவது வழக்கம். அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் ஒரு இழை உயரும். டிவியில் ரம்லி பாட்டு கேட்டு வளர்ந்தவர்களில் பலர், அவர் ஸ்டூடியோவில் பாடிய சுருதியைவிடக் கொஞ்சம் மேலேதான் கேட்டிருப்பார்கள்!

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பிரிட்டனில் அந்தக் காலத்து டிவி நிகழ்ச்சிகள் பல நேரலையாகப் போய், பதிவே இல்லாமல் காற்றில் கரைந்தன. பதிவானவற்றிலும் நிறைய அழிந்தன. வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் அதையே அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். 1963-ல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' போன்ற புகழ்பெற்ற தொடரின் பல பகுதிகள் இன்றைக்கும் கிடைக்கவில்லை. பணக்கார நாட்டின் நிகழ்ச்சிகள் தொலைந்தன. ஜாலான் அம்பாஸில் ஃபிலிமில் எடுத்த ரம்லி படங்களோ தப்பித்து நின்றன. ஃபிலிம் பெட்டியில் இருந்தது, யாரும் அதன் மேல் புதிதாகப் பதிவு செய்ய முடியாது என்பதே முக்கியக் காரணம்.

இறந்த பின் வந்த மரியாதை

1980-களில் கோலாலம்பூரின் முக்கியச் சாலை ஒன்றுக்கு ஜாலான் பி. ரம்லி என்று பெயர் வைத்தார்கள். பினாங்கிலும் அதே பெயரில் ஒரு சாலை உண்டு. செத்தாபாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986-ல் நினைவு நூலகமானது. 1990-ல் 'தான் ஸ்ரீ' பட்டத்துக்குரிய விருது வழங்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. 1983-ல் சலோமாவும் போய்விட்டார்.

மரியாதை தாமதமாக வந்தது தவறா? வந்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அவர் உயிரோடு இருந்த கடைசி ஆண்டுகளில் அதில் பாதி கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை படங்கள் வந்திருக்கும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். இன்றைக்கு யூடியூபில் லட்சக்கணக்கான பார்வைகள் வாங்கும் ஒரு உள்ளூர்ப் பாடகரோ குறும்பட இயக்குநரோ அதே இடத்தில்தான் நிற்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதும், அவர் வீட்டு வாடகை கட்ட முடிகிறது என்பதும் ஒன்றல்ல.

நமக்கு இவர் யார்?

ரம்லி மலாய்க் கலைஞர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவரது கதையை எடுத்துப் பார்த்தால் ஆச்சே அப்பா, பினாங்கு அம்மா, ஜப்பானியப் பள்ளி, சீன முதலாளி, ராஜ்ஹான்ஸ், கிருஷ்ணன், மஜும்தார் என்று பலரின் கை அதில் தெரிகிறது. மலேசியத் தமிழ் இளைஞருக்கு அது அடுத்த வீட்டுக் கதை இல்லை, சொந்த ஊர்க் கதை. படத்தின் முகப்பில் ஓடும் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தாலே நம்மவர்கள் சிலர் கண்ணில் படுவார்கள். அவர்களைப் பற்றி நாம் இன்னும் சரியாக எழுதி வைக்கவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், சிரிக்க 'செனிமான் பூஜாங் லாப்போக்', அழ 'இபு மெர்துவாக்கு', பாட்டுக்கு 1960-ல் வந்த 'அந்தாரா டுவா டார்ஜாட்'. பினாங்கு போனால், அவர் பிறந்த மரவீட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். சின்ன வீடுதான். பத்து நிமிடத்தில் சுற்றி முடித்துவிடலாம். அங்கே இருந்து கிளம்பிய பையன் எவ்வளவு தூரம் போனான் என்பது அப்போதுதான் உறைக்கும்.